சைலன்சர் சித்தாந்தம்: துரு அகமா, புறமா?

செம்பில் களிம்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைச் சைவ சித்தாந்திகள் பல நூற்றாண்டுகளாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டால் அது ஆகந்துகம். செம்போடு கூடவே பிறந்தால் சகசம். உயிரின் அழுக்கான ஆணவ மலம் இரண்டாவது வகை என்று முடிவு கட்டினார்கள். விசாரணை நடந்தது உயிரைப் பற்றி. செம்பு வெறும் உவமை. ஆனாலும் உவமையாகவாவது செம்புக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது, இரும்புக்குக் கிடைக்கவில்லை. அதிலும் பழைய கார்களின் அடிவயிற்றில், தார்ச்சாலைக்கு ஒரு சாண் மேலே தொங்கியபடி ஊரார் புகையையெல்லாம் சுமக்கும் சைலன்சர் இரும்பைப் பற்றி இதுவரை எந்த ஆதீனமும் வாய் திறந்ததில்லை. ஆயுத பூஜை அன்று பானெட்டுக்குச் சந்தனம், ஸ்டீயரிங்குக்குக் குங்குமம், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். சைலன்சருக்கு ஒரு பொட்டும் கிடையாது. அது தன் குங்குமத்தைத் தானே பூசிக்கொள்கிறது. அந்தக் குங்குமம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதே இந்த ஆய்வு.

ஆய்வுக்களம் நசரத்பேட்டை. களத்தேர்வுக்குக் காரணம் சொல்வது ஆய்வு மரபு. பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் ஊர் இது. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் இடமும் இதுதான். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. வடக்கே ஆவடியில் 1955 முதல் எஃகுக் குழாய் செய்துவரும் டியூப் புராடக்ட்ஸ் ஆலை. வெளிவட்டச் சாலையின் தெற்கு முனையில், பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்ட் கார்களைச் செய்துகொண்டிருந்தது. குழாய் பிறக்கும் ஊர் ஒரு பக்கம், கார் பிறந்த ஊர் மறுபக்கம், தண்ணீர் நிற்கும் ஏரி கூப்பிடு தூரத்தில். துருவைப் பற்றி யோசிக்க இதைவிடத் தோதான புள்ளியைச் சென்னை வரைபடத்தில் காட்டுவது கடினம். ஆய்வுப் பொருள் ஹெரால்ட் மட்டும் என்று நினைக்க வேண்டாம். குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி, 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர், இன்னும் பழைய ஃபியட், மாரிஸ் எல்லாமே இதில் அடக்கம். இவற்றின் சைலன்சர்கள் மெல்லிய சாதாரண எஃகுத் தகட்டில் செய்தவை. இன்றைய கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் பாக்கியம் இவற்றுக்கு வாய்க்கவில்லை.

பிரமாணங்கள் மூன்று: காட்சி, கருதல், உரை. காட்சி என்பது காருக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்ப்பது. கருதல் என்பது எழுந்து உட்கார்ந்து யோசிப்பது. உரை என்பது மெக்கானிக் சொல்வது. அதை ஆப்த வாக்கியமாக ஏற்பதா வேண்டாமா என்பது பில் தொகையைப் பொறுத்தது. எதிர்க்கட்சியின் பரபக்கத்தை முதலில் கேட்டுவிட்டு நம் சுபக்கத்துக்கு வருவதுதான் முறை.

பரபக்கத்தில் முதலில் எழுந்து நிற்பது கடற்காற்றுக் கட்சி. சென்னை கடலோர நகரம், காற்றில் உப்பு, உப்பு பட்டால் இரும்பு போகும் என்பது அதன் வாதம். இதற்குப் பின்னால் கனமான சான்று இருக்கிறது. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடத்தி அரிமானத்தை அளப்பதற்கென்றே மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு களம் வைத்திருக்கிறது. கடலோரத்தில் இரும்பு சீக்கிரம் கரையும் என்பதை மறுக்க யாருக்கும் துணிவு வராது. ஆனால் காற்றிலுள்ள உப்பு, கரையிலிருந்து உள்ளே வர வர மளமளவென்று குறைந்துவிடும். பெரும்பகுதி முதல் ஓரிரு கிலோமீட்டரிலேயே கீழே விழுந்துவிடும். நசரத்பேட்டையோ மெரினாவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. உப்பு அவ்வளவு தூரம் வர வேண்டுமென்றால் கோயம்பேடு, மதுரவாயல், வானகரம், பூந்தமல்லி என்று அத்தனை நெரிசலையும் கடக்க வேண்டும். மனிதர்களே பாதியில் மனம் தளரும் வழி அது. இந்தக் கட்சியார் கையில் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கையேடுகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு புரட்ட வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டிப் பனியை உருக்கும் நாடுகளுக்காக எழுதியவை அவை. அங்கே காரின் அடிப்பாகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. நம் சாலையில் கிடப்பது டிப்பர் லாரி சிந்திய மணல்.

உப்பு இல்லாவிட்டால் ஈரம் என்று அதே கட்சி இன்னொரு காலை எடுத்து வைக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினால் துருவின் வேகம் சட்டென்று கூடுகிறது என்பதை வெர்னன் என்ற ஆங்கிலேய வேதியியலர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டினார். சென்னையின் இரவுகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டைத் தாண்டியவை. இது உண்மை, குழாயின் வெளிப்புறம் செம்மண் நிறம் ஆவதற்கு இது போதும். ஓட்டை விழுவதற்குப் போதுமா என்பதுதான் கேள்வி, அதைப் பிறகு பார்ப்போம்.

மழைக் கட்சியை நெடுநேரம் கேட்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றாலே அவர்கள் விரல் செம்பரம்பாக்கத்தைச் சுட்டும். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பரில் அது திறந்துவிட்ட தண்ணீரை அடையாற்றங்கரையில் குடியிருந்த எவரும் மறக்க மாட்டார். ஆனால் காரே மூழ்கிவிட்டால் சைலன்சர் கடைசிக் கவலை. மூழ்காமல் மழையில் ஓடினாலோ, சாலைத் தண்ணீர் சூடான குழாயில் தெறித்து அப்போதே ஆவியாகிவிடுகிறது. சைலன்சரைக் கொல்வதற்கு ஏரி தேவையில்லை, அரை டம்ளர் போதும். அந்த அரை டம்ளர் மேலிருந்து வருவதில்லை. இரண்டு கட்சிக்கும் உள்ள பொதுவான பலவீனம், எதிரி காருக்கு வெளியே நிற்கிறான் என்ற நம்பிக்கை. கவர் போட்டு மூடுவதும், சில்வர் பெயிண்ட் அடிப்பதும், ஷெட் கட்டுவதும் இந்த நம்பிக்கையில் நடக்கும் காரியங்களே.

சுபக்கத்தைக் காட்சியிலிருந்து தொடங்கலாம். காருக்கடியில் படுத்து முன்னாலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டே வரவும். எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்ட் பழுப்பேறிக் கிடக்கும், சுரண்டினால் தூள் உதிரும், ஓட்டை இருக்காது. அதிலிருந்து இறங்கும் முன்குழாயும் பெரும்பாலும் தேவலை. பின்னால் போகப் போக நிலவரம் கெடும். முதல் ஓட்டை விழுவது பின்பக்கச் சைலன்சரின் வயிற்றில், அதுவும் தாழ்வான மூலையில், தகட்டை மடித்து இணைத்த விளிம்போரம். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, தடித்தது, அதோடு ஒப்பிடலாமா என்று ஆட்சேபிப்பார்கள். நியாயம்தான், அதைத் தள்ளிவிடுவோம். முன்குழாயும் வால்குழாயும் ஒரே தரத்து எஃகுதானே? இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே மழை, ஒரே மணல். உண்மையில் முன்சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறு முன்குழாய்க்குத்தான் அதிகம். அப்படியிருக்க வால்பக்கம் ஏன் முந்திக்கொள்கிறது? ஓட்டையின் விளிம்பை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் பதில் கிடைக்கும். வெளியே பெயிண்ட் அப்படியே நிற்கும், அதற்குப் பின்னால் தகடு இருக்காது. நிறம் மட்டும் மிஞ்சிப் பொருள் போய்விட்ட இந்த நிலையை மாயைக்கு எடுத்துக்காட்டாக வேதாந்திகள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கயிறும் பாம்பும் பழசாகிவிட்டன.

தகடு உள்ளிருந்து கரைந்திருக்கிறது என்றால், உள்ளே தண்ணீர் இருந்திருக்க வேண்டும். பெட்ரோலோ தண்ணீரோடு ஒட்டாத சரக்கு. அதிலிருந்து தண்ணீர் எப்படி வரும்? காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பது சற்காரியவாதம். இந்த விஷயத்தில் அது பாதி சரி. ஆக்டேன் மூலக்கூறு ஒன்றில் கார்பன் அணு 8, ஹைட்ரஜன் அணு 18. எரியும்போது அந்த 18 ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு 9 தண்ணீர் மூலக்கூறுகளாகின்றன. எடைக்கணக்கில் 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் தூய ஆக்டேன் ஆகாது என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் வந்தே தீரும். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களில் இந்த நீராதாரம் கணக்கில் சேராதது ஆச்சரியம்தான். இந்தத் தண்ணீர் ஆவியாகவே வெளியேறிவிட்டால் யாருக்கும் தீங்கில்லை. புகை தொடும் உலோகம் சுமார் 50 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஆவி அதில் வியர்த்துச் சொட்டாகிறது. கூடவே வரும் கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் கரைய, சொட்டு லேசான அமிலமாகிறது. எஞ்சினுக்கு அருகே இருக்கும் குழாய் ஓரிரு நிமிடத்தில் சூடேறித் தப்பித்துவிடும். பின்பக்கச் சைலன்சர் தூரத்தில் இருப்பது. காற்று பட்டுக் குளிர்வது. உள்ளே தடுப்புத் தகடுகளும் மூலைகளும் கொண்டது. கடைசியில் சூடாவதும் அதுதான், முதலில் ஓட்டையாவதும் அதுதான். கருதல் அளவை இதற்குமேல் என்ன கேட்கும்?

இனி இந்த ஆய்வின் மையமான, கொஞ்சம் வேதனையான முடிவு. பழைய கார் வைத்திருப்பவரிடம் ஒரு சடங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரை நீக்குவார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வார். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அணைத்துக் கவரைப் போட்டு மூடுவார். வண்டி நல்லா இருக்கணும்னா வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி விடணும் என்று அக்கம்பக்கத்துக்கும் போதிப்பார். நின்ற இடத்தில் ஓடும் அந்த எஞ்சின், சோக் இழுத்த நிலையில், மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்துக்கு 80 மில்லிக்குச் சற்று மேல். ஏறக்குறைய அதே அளவு தண்ணீர். காபி டம்ளரில் முக்கால். சைலன்சர் வெதுவெதுப்பாகி வியர்க்க ஆரம்பிக்கும் நேரத்தில் சரியாக எஞ்சின் அணைகிறது. பாதி ஆவியாகப் போய்விட்டதாகத் தாராளமாகக் கழித்தாலும், 52 ஞாயிறுக்கு இரண்டு லிட்டர் அமிலத் தண்ணீரை உரிமையாளர் தன் கையாலேயே சைலன்சருக்குள் ஊற்றுகிறார். மேலே கவர் வேறு. காற்றோட்டமில்லாத அந்த ஈரத்தில் துரு வளர்வதற்கு நல்ல சீதோஷ்ணம். அலட்சியமாக டாக்சி ஓட்டியவர்களின் அம்பாஸடர் நாளெல்லாம் ஓடிச் சூட்டிலேயே கிடந்ததால் உள்ளே உலர்ந்திருந்தது. செல்லமாக வளர்த்தவர்களின் அம்பாஸடர் நின்ற இடத்தில் கரைந்தது. ஆக, சைலன்சர் துருவின் மூலகாரணம் உரிமையாளரின் பாசம். ஆணவ மலத்தை உயிரோடு ஒட்டிய சகசம் என்று சித்தாந்திகள் சொன்னதும் இங்கே பொருந்துகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சினுக்கு நன்மை ஏதும் நடப்பதில்லை; தெருவுக்குச் சத்தம் கேட்கிறது என்பது மட்டும்தான் நடக்கிறது.

பாசத்தின் இன்னொரு கொடுமையையும் பதிவு செய்தாக வேண்டும். பல சைலன்சர்களின் அடியில், தாழ்வான இடத்தில், ஊசித்துளை போல ஒரு சிறு துவாரம் வைத்திருப்பார்கள். தேங்கும் தண்ணீர் சொட்டி வெளியேறுவதற்காகவே வைத்தது அது. வீட்டு மாடித் தளத்துக்கு மழைநீர்க் குழாய் எப்படியோ, சைலன்சருக்கு அப்படி. கண்ணில் பட்டவுடன் உரிமையாளர் பதறுவார்: சைலன்சர்ல ஓட்டை! பட்டறைக்குப் போவார், ஒரு பொட்டு வெல்டிங்கில் அடைப்பார், நிம்மதியாகத் திரும்புவார். அடுத்த ஓட்டை எங்கே விழ வேண்டும் என்பதை அதற்குப் பிறகு தண்ணீரே முடிவு செய்யும்.

ஆட்சேபங்களுக்கு வருவோம். எத்தனால்தான் காரணம், இப்போது 20 விழுக்காடு கலக்கிறார்களே என்பது சமீபத்திய ஆட்சேபம். பழைய கார்களின் ரப்பர் குழாய்களுக்கும் கார்புரேட்டருக்கும் எத்தனாலால் தொல்லை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்க் கணக்கில் ஒரு லிட்டர் எத்தனாலும் பெட்ரோலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலும் வரலாறு எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது. 2000 பிப்ரவரிக்கு முன் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலும் விற்றது. ஈயம் எஞ்சினுக்குள் படியாமல் இருக்க அதில் புரோமின், குளோரின் சேர்மங்களைக் கலந்தார்கள். அவை புகையோடு வந்து வீரியமான அமிலங்களாகின. கந்தகமும் அப்போது ஏராளம்; 2020 ஏப்ரலுக்குப் பிறகு பெட்ரோலில் அதன் எல்லை பத்து லட்சத்தில் 10 பங்குதான். ஒரு சைலன்சரின் பார்வையில் இன்றைய பெட்ரோல் பாட்டன் காலத்துப் பெட்ரோலைவிட எவ்வளவோ சாது. அப்படியும் ஓட்டை விழுகிறதென்றால், குற்றத்தை பங்க்கின் மேல் போட முடியாது.

பெயிண்ட் கட்சிக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்கள் டெல்லி மெஹ்ரௌலி இரும்புத் தூணைச் சான்றுக்கு அழைப்பதுண்டு: 1,600 ஆண்டாக நிற்கிறதே! நிற்கிறது, பெயிண்ட் இல்லாமலே நிற்கிறது. பாஸ்பரஸ் மிகுந்த அந்த இரும்பின் மேல் தானாகவே படிந்த மெல்லிய படலம்தான் அதைக் காக்கிறது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். தவிர, அது குழாயாக இல்லை. அதற்குள் யாரும் ஞாயிறுதோறும் முக்கால் டம்ளர் ஊற்றவும் இல்லை. சூடு தாங்கும் பெயிண்ட் வெளித்துருவுக்கு நல்லது, அடியுங்கள். உள்ளே அதனால் பயனில்லை. சிக்கனக்காரர் சிலர் பிளம்பிங் ஜிஐ குழாயை வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். அதன் மேல் பூசிய துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். எஞ்சின் பக்கத்துக் குழாய்க்கு அது லாயக்கில்லை. வெல்டிங் வைக்கும்போது கிளம்பும் வெண்புகையை இழுத்தால் பட்டறைக்காரருக்குக் காய்ச்சல் வரும். அலுமினியப் பூச்சுத் தகடு அதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்டெயின்லெஸ் ஆட்சேபம்தான் உண்மையிலேயே வலுவானது. குரோமியம் 11 விழுக்காட்டுக்குக் குறையாத எஃகில் செய்து மாட்டிவிட்டால் இந்த ஆய்வுக்கே வேலை இல்லையே என்பார்கள். ஆமாம், பெரும்பாலும் இல்லை. வெல்டிங் ஓரங்களில் அதுவும் பழுக்கும், சத்தம் மாறிவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, பேரணிகளில் அசல் பாகம் எங்கே என்று குனிந்து பார்ப்பவர்களும் உண்டு. இவையெல்லாம் சில்லறைப் பதில்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையில் பணம் உள்ளவர் ஸ்டெயின்லெஸ் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். சித்த வைத்தியத்தில் இரும்புக்கிட்டம் பழசாகப் பழசாக அதில் செய்யும் மண்டூரத்துக்கு மதிப்பு கூடும். சைலன்சர் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது என்று தெரிந்தும் பழைய தகட்டையே கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களுக்காகத்தான் மிச்சம் எழுதுகிறேன்.

அவர்களுக்கு வழி இரண்டு. ஓட்ட முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கடைசியாக ஓட்டிச் சூடாக நிறுத்திய வண்டி முழுக்க ஆறியதும், வால்குழாயை எண்ணெய்த் துணியால் அடைத்து, துணியின் நுனி வெளியே தெரியும்படி சிவப்பாக விடுங்கள். எலியும் நுழையாது, எடுக்கவும் மறக்காது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்வதென்றால் ஓட்டியே தீர வேண்டும்: சைலன்சரின் கடைசி மூலைவரை 100 டிகிரியைத் தாண்டித் தேங்கியதெல்லாம் ஆவியாகும் வரை, குறைந்தது அரை மணி நேரம், நிற்காமல். நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுவது சென்னையில் கற்பனை என்பார்கள். களத்தேர்வின் பலன் இங்கேதான் தெரிகிறது. நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறித் தெற்கே திரும்பினால் வண்டலூர் சுமார் 20 கிலோமீட்டர். சிக்னல் தொல்லை இல்லை. ஹெரால்டுக்கு அது பிறந்த வீடு. மாதம் ஒருமுறை தாய்வீடு போய்த் திரும்பினால் புகுந்த வீட்டில் உடம்பு நன்றாக இருக்கும் என்பது நம் குடும்பங்களில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உண்மை.

கடைசியாகச் சட்ட ஆட்சேபம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்ந்த பிரிவின்படி, 50 ஆண்டைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத காரை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்து ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் பிளேட் வாங்கலாம். அப்படி வாங்கிய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, தொழில்நுட்ப ஆய்வு ஆகியவற்றுக்குத் தடையில்லை. சைலன்சரை உலர்த்தும் பயணம் பராமரிப்பில் அடங்கும் என்பது என் துணிபு. வெளிவட்டச் சாலையில் யாராவது கைகாட்டி நிறுத்தி, சார் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டால், தொழில்நுட்ப ஆய்வு என்று சொல்லி இந்தக் கட்டுரையைக் காட்டலாம். ஒரு படியை மடித்து ஆர்சி புத்தகத்தோடு டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.